வாஞ்சூர் தாண்டாத வண்டி

முப்பத்திரண்டு வருஷம் நான் மழை அளந்தவன். தினமும் காலை எட்டரை மணிக்கு வானிலை நிலையத்து மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, பதினேழு புள்ளி நான்கு மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தவளை சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு கேட்டாலும் சரி, பதினேழு புள்ளி நான்கு என்றால் பதினேழு புள்ளி நான்குதான். ஒரு சொட்டு கூட்டி எழுத முடியாது. அப்படிக் கட்டிப்போட்ட கை ஓய்வு பெற்ற மறுநாள் சும்மா இருக்குமா? அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் பத்தால் பெருக்கித்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி செல்லம் காப்பியோடு ஓர் எச்சரிக்கையும் கொடுப்பாள்: "அவரு சொல்றதப் பத்தால வகுத்துக்குங்க."

எங்கள் வண்டி விஷயத்தில் மட்டும் எனக்குப் பெருக்கும் வேலையே இல்லை. அது பெருக்கிக்கொண்டே பிறந்த வண்டி.

ஏழு பேர் உட்காரும் பெரிய வெள்ளை வண்டி. மருமகள் தாமரைச்செல்வி போன வருஷம் ஆசைப்பட்டு வாங்கியது. அவள் டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. என் மகன் செம்பியனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் நடுக்கடலில். அதனால் வண்டிக்கு எல்லாமே தாமரைதான். அது முதல்முதலாக எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டுச் சுவர் தானாக இரண்டடி பின்வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றே அதற்கு ஐராவதம் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஐராவதத்துக்கு இல்லாத வியாதி இல்லை. வானம் பார்க்கவென்று மேலே ஒரு கண்ணாடிக் கூரை. ஐப்பசி மழையில் அது ஒழுகியது. பழைய பழக்கத்தில் நடு சீட்டில் டம்ளர் வைத்து அளந்தேன், ஆறு மில்லிமீட்டர். இதே வண்டியை வாங்கி ஏமாந்த நானூறு பேர் சேர்ந்து நடத்தும் வாட்ஸாப் குழுவில் எழுதும்போது, 'நடு சீட்டில் நாற்று விட்டிருக்கிறோம், தைக்குள் அறுவடை' என்று எழுதினேன். சேலத்துக்காரர் ஒருவர் தன் வண்டி ஹாரன் தானாக அடிக்கிறது என்றார். கோயம்புத்தூர் அம்மாள் ஒருவர் பின்னால் மாடு நின்றால் வண்டி அலறுகிறது, முன்னால் லாரி வந்தால் வாயே திறப்பதில்லை என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மழை அளந்த காலத்தில் இப்படி ஒரு குழு கிடைத்திருந்தால் நான் ஓய்வே பெற்றிருக்க மாட்டேன்.

ஒழுகலையும் அலறலையும் சிரித்துக் கழிக்கலாம். ஒரு வியாதி மட்டும் அப்படியில்லை. ஐராவதம் வாஞ்சூர் தாண்டாது.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்த சின்ன ஊர். எந்தப் பக்கம் போனாலும் அரை மணிக்குள் தமிழ்நாடு வந்துவிடும். தெற்கே போனால் வாஞ்சூர், அதைத் தாண்டினால் நாகூர். தாமரையின் அம்மா வீடு நாகப்பட்டினத்துக்கு அப்பால் கீழ்வேளூரில் இருப்பதால் நாங்கள் அடிக்கடி போகும் திசை அது. ஊருக்குள் ராஜா மாதிரி ஓடும் வண்டி எல்லை தாண்டிய நாலைந்து கிலோமீட்டரில் ஒரு விக்கல் விக்கும், இரண்டு இருமல் இருமும், அப்புறம் நடுரோட்டில் படுத்துவிடும். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி உறுமிக்கொண்டு கிளம்பும். நாகூர் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் ஆஸியா பீவி எங்களுக்கென்றே ஒரு பெஞ்சை ஒதுக்கிவிட்டார். இருமல் சத்தம் கேட்டதுமே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

"அண்ணே, இது பாண்டிச்சேரி நம்பர் வண்டியா இருக்கறதால தமிழ்நாட்டுல கால் வைக்க வெக்கப்படுதோ?" என்பார். நான் அதையும் குழுவில் எழுதினேன். நானூறு பேரும் சிரித்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் ராஜ்மோகன் என்று ஒரு மெக்கானிக். நல்ல மனிதர், பொறுமைசாலி. நாலு முறை வண்டியை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நாலு முறையும் எல்லைக்குள்ளேயே இருக்கும் கோட்டுச்சேரி வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார். எல்லைக்கு அப்பால் வாடிக்கையாளர் வண்டியை எடுத்துப் போகக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதியாம். நாலு முறையும் வேலைச்சீட்டில் எழுதினார்: கோளாறு காணப்படவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நேராகக் கம்பெனி தலைமைக்கே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வண்டி இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு முறை நின்றது, ஒருமுறை ரயில்வே கேட்டின் நடுவில் நின்று எக்ஸ்பிரஸ் வண்டியையே காத்திருக்க வைத்தது, ஒருமுறை அதன் புகையில் ஏழு கொக்குகள் மயங்கி விழுந்தன. எழுதி முடித்ததும் உடம்பே லேசாகிவிட்டது. கம்பெனியிலிருந்து பதில் வந்தது: தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து ராஜ்மோகனுக்கும் அனுப்பியிருந்தார்கள். அவர் அதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, மனசு சரியில்லாத நாட்களில் படித்துக்கொள்வதாகக் கேள்வி.

இதையெல்லாம் நான் சொல்லாத ஆள் கிடையாது. முக்கியமாக மாரிக்கண்ணு. வாஞ்சூர் எல்லைக்கு முந்தின கடைசிப் பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவர். நம் பக்கம் பெட்ரோல் விலை குறைவு, அந்தப் பக்கம் கூடுதல். ஆகவே எல்லை தாண்டுகிற எந்தக் காரைக்கால்காரனும் கடைசிப் பங்கில் நிறுத்தி டேங்கை நிரப்பாமல் போக மாட்டான். போனால் அவன் வீட்டில் சோறு கிடைக்காது. மாரிக்கண்ணு டேங்க் நிரப்புவதைப் பார்ப்பதே ஒரு கச்சேரி. நிரம்பியதும் குழாய் 'டக்' என்று தானாக நின்றுவிடும். மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். மாரிக்கண்ணு அங்கேதான் ஆரம்பிப்பார். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையையும் வைத்து தொட்டில் ஆட்டுவது போல ஆட்டுவார். உள்ளே காற்றுக் குமிழ் இறங்கும். மறுபடி ஊற்றுவார். மறுபடி டக். மறுபடி ஆட்டுவார். பெட்ரோல் வாய் வரைக்கும் வந்து பளபளவென்று எட்டிப் பார்த்த பிறகுதான் மூடுவார்.

"டீச்சர் வண்டிங்க. கொறையா ஊத்தி அனுப்ப மனசு வருமா?" என்பார்.

அவருடைய மகள் கீர்த்திகா தாமரையின் பூப்பந்து அணித் தலைவி. இடது கை ஆட்டக்காரி. அவள் அடித்த பந்து ஒருமுறை கடலில் விழுந்து இலங்கையில் ஒருவர் எடுத்துக் கொடுத்ததாக நான் சொல்வேன். மாரிக்கண்ணு அதை நம்பினார்.

வினை அங்கேதான். அவர் நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பினார்.

பட்டுக்கோட்டையில் பள்ளிப் பெண்களுக்கான பூப்பந்துப் போட்டி, வருகிற சனிக்கிழமை. தாமரையின் அணி முதன்முறையாக ஊருக்கு வெளியே ஆடப்போகிறது. ஆடுகிறவர்கள் ஐந்து பேர், கூடுதலாக ஒருத்தி, ஓட்டுவதற்கு டீச்சர், ஆக மொத்தம் ஏழு. ஐராவதத்தில் ஒரு சீட்டுகூட மிச்சமில்லை. தாமரை அந்த வண்டியை வாங்கியதே இந்தக் கணக்குப் போட்டுத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் போனால் திரும்பி வர நேரமாகும். வாடகை வேன் என்றால் முன்பின் தெரியாத டிரைவர். டீச்சரே ஓட்டுகிற டீச்சர் வண்டி என்றதால்தான் ஆறு வீட்டிலும் சரி என்றிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாமரை பள்ளியிலிருந்து வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை, நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, மாரிக்கண்ணு அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எதப் பத்திம்மா?"

"வண்டியப் பத்தி."

"ஏதோ பேச்சுவாக்குல..."

"வெண்ணாத்துப் பாலத்துல வண்டி நின்னு, கீழேருந்து முதலை ஏறி வந்து டயரக் கடிச்சுதுன்னு சொன்னீங்களா?"

செல்லம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முதலையா? எங்கிட்ட நீங்க ஒடும்புன்னுல்ல சொன்னீங்க?"

"அவரு கீர்த்திகாவ அனுப்ப மாட்டேங்கறாரு மாமா. 'அந்த வண்டியில எம்பொண்ண ஏத்த மாட்டேன் டீச்சர், மன்னிச்சுக்குங்க'ன்னு கையெடுத்துக் கும்புடறாரு. வண்டி விஷயம் தெரிஞ்ச ஆளே இப்படிச் சொன்னா மத்த அஞ்சு வீட்டுலயும் விடுவாங்களா? எல்லாரும் போன் பண்ணிட்டாங்க." தோள் பையை இழுத்து விட்டுக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள அணி வருதா இல்லையான்னு பட்டுக்கோட்டைக்குச் சொல்லணும். அதுங்க ஒரு வருஷமா காலம்பர அஞ்சரைக்கு எந்திரிச்சு வருதுங்க மாமா."

நான் வாயே திறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு இது இரண்டாவது முறை. முதல் முறை பல் பிடுங்கிய அன்று.

தாமரை பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். "வண்டி எப்பெப்ப நின்னுது, எங்க நின்னுது. ஒண்ணு கூட்டாம, ஒண்ணு கொறைக்காம எழுதுங்க. நாளைக்கு நானே ராஜ்மோகன்கிட்ட போறேன். நிக்காத தடவையும் எழுதுங்க."

"நிக்காததயும் எதுக்கு?"

"மழை பெய்யாத அன்னிக்கும் சைபர்னு எழுதுனேன்னு நீங்கதானே மாமா பெருமையாச் சொல்வீங்க?"

அன்று சாயங்காலம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வாய் சொல்கிறது, விரல் விட்டு எண்ணினால் ஒன்பது. வெறும் ஒன்பது! எனக்கே அவமானமாக இருந்தது. வீட்டுக் காலண்டரில் செல்லம் குறித்து வைத்திருந்த கீழ்வேளூர்ப் பயணங்களை வைத்துத் தேதி கண்டுபிடித்தேன். கோடு கிழித்துக் கட்டம் போட்டேன். தேதி, கிளம்பிய நேரம், நின்ற இடம், வெயிலா மழையா, வண்டியில் எத்தனை பேர், ஏசி ஓடியதா.

செல்லம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கெளம்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணோம், யார் யாரப் பாத்தோம்னு ஒரு கட்டம் போடுங்க. யாரு கண்ணு பட்டுதுன்னு தெரிய வேணாமா?"

"இது சர்வீஸ் சென்டர்ல குடுக்கறது செல்லம். கண்ணு பட்டதுக்கெல்லாம் அவன் ஸ்பேனர் வச்சிருக்க மாட்டான்."

"போடுங்கன்னா போடுங்க."

போட்டேன். அந்தக் கட்டத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: கிளம்பும்போது பூனை, மாரிக்கண்ணு பங்க். பக்கத்து வீட்டம்மா எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள், மாரிக்கண்ணு பங்க். எலுமிச்சம்பழம் வைக்க மறந்தோம், மாரிக்கண்ணு பங்க். எலுமிச்சம்பழம் வைத்தோம், மாரிக்கண்ணு பங்க்.

நிற்காத பயணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, கடையடைப்பு அன்று, பங்க் மூடியிருந்தது. இன்னொன்று, மாரிக்கண்ணு லீவு. வேறு ஆள் ஊற்றினார்.

மறுநாள் நானும் தாமரையோடு போனேன். ராஜ்மோகன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கய்யா, கொக்கெல்லாம் நல்லாருக்கா?" என்றார். நான் நோட்டை நீட்டினேன். முதலில் புன்சிரிப்போடு படித்தார். பாதிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று விரல் ஓடியது.

"அய்யா, இது நீங்க எழுதினதா?"

"ஏன், கொஞ்சமா இருக்கேன்னு பாக்கறீங்களா?"

"ஊருக்குள்ள ஒரு தடவகூட நிக்கல. ஊருக்குள்ள ஓட்டும்போது டேங்க் நெரப்புவீங்களா?"

தாமரை சொன்னாள்: "இல்லீங்க. அப்பப்ப கொஞ்சங் கொஞ்சமாத்தான் போடுவேன். வெளியூர் போனாத்தான் ஃபுல் டேங்க்."

"இந்த மாரிக்கண்ணு எப்படி ஊத்துவாரு?"

இதற்குத்தானே நான் பிறந்தேன். எழுந்து அவருடைய மேஜையை இரண்டு கையாலும் பிடித்து, மாரிக்கண்ணு ஆட்டுவதைப் போலவே ஆட்டிக் காட்டினேன். டக், ஆட்டு, டக், ஆட்டு. மேஜைமேல் இருந்த காப்பி சிந்தியது. ராஜ்மோகன் காப்பியைத் துடைக்கவில்லை. எழுந்து வெளியே ஓடினார்.

ஐராவதத்தைத் தூக்கி நிறுத்தி, பின்பக்கம் அடியில் கைவிட்டு, செங்கல் அளவில் கறுப்பாக ஒரு டப்பாவைக் கழற்றினார். காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே களுக் களுக் என்றது.

"இதுக்குள்ள கரிதான் இருக்கணும். பெட்ரோல் டேங்குலேருந்து வர்ற ஆவிய இந்தக் கரி புடிச்சு வச்சுக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா இன்ஜினுக்குக் குடுக்கும். குழாய் டக்குன்னு நின்ன பெறகும் ஊத்திக்கிட்டே இருந்தா ஆவி வர்ற வழியில பெட்ரோலே எறங்கிடும். வண்டி கெளம்பி நாலைஞ்சு கிலோமீட்டர்ல அத இன்ஜின் உறிஞ்சும். பொரை ஏறுன மாதிரி இருமிட்டு நின்னுடும். அரை மணி நேரத்துல வடிஞ்சுடும், திரும்ப ஓடும். நான் வாங்கிப் பாக்கும்போது ஒண்ணுமே இருக்காது."

"அப்ப எங்க வண்டி மேல தப்பே இல்லையா?" என்று தாமரை கேட்டாள். அவள் குரலில் ஒரு ஓரத்தில் ஏமாற்றம் இருந்தது. ஒரு வருஷம் திட்டிய வண்டி அல்லவா.

"பாதித் தப்பு வண்டி மேலதாங்க. வேற வண்டிங்க இவ்வளவு சீக்கிரம் பொரை ஏறாது. இதுல ஆவி போற கொழாய கம்பெனிக்காரன் ரொம்பத் தாழ வச்சுட்டான். நானும் ஒரு தடவயாவது எல்லை தாண்டி ஓட்டிப் பாத்திருக்கணும். புது டப்பா திருச்சியிலேருந்து நாளைக்கு வந்துரும், வாரன்டியில மாத்தித் தர்றேன். ஆனா முதல் டக்குக்கு மேல ஒரு சொட்டு ஊத்தக்கூடாது."

வீட்டுக்கு வந்து செல்லத்திடம் சொன்னோம். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "உங்களுக்கும் அந்த மாரிக்கண்ணுக்கும் நிறுத்தற எடம் தெரியல. பாவம், நடுவுல வண்டியத் திட்டிக்கிட்டு இருந்தோம்" என்றாள்.

வியாழன் சாயங்காலம் புது டப்பா பொருத்தியாயிற்று. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாரிக்கண்ணுவின் வேலை நேரம் முடியும்போது ஐராவதத்தோடு பங்கில் போய் நின்றோம். தாமரை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ராஜ்மோகன் சொன்னதை அப்படியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவள் விளையாட்டு டீச்சர், புள்ளி போனால் போனது என்று சொல்கிற பழக்கம்.

மாரிக்கண்ணு தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். "நானா டீச்சர்?"

"வேணும்னா செஞ்சீங்க?"

"இத்தன நாளா நானே நெறுத்திட்டு, நானே 'எம்பொண்ண ஏத்த மாட்டேன்'னு சொல்லிக்கிட்டு இருந்தனா?" அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம டீச்சர் வண்டியாச்சேன்னுதான்..."

எனக்குத் தாங்கவில்லை. "மாரிக்கண்ணு, இங்க பாருங்க. பாதித் தப்பு அந்தக் கம்பெனிக்காரன் மேல. மீதிப் பாதியில முக்காவாசி என்மேல. நீங்க பயந்தது வண்டியப் பாத்தா பயந்தீங்க? என் கதையக் கேட்டுப் பயந்தீங்க. ரயில்வே கேட்டுல நின்னது பொய். கொக்கு விழுந்தது பொய். முந்நூத்திப் பன்னெண்டு தடவையும் பொய், ஒம்பது தடவதான்."

"முதலை?"

"அதுவும் பொய்தான்."

மாரிக்கண்ணு என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றதையெல்லாம் மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது. "முதலை கூடவா பொய்யி? நான் எங்க தெரு பூராவும் சொல்லிட்டேனே அய்யா. எங்க மச்சான் அந்தப் பாலத்து வழியாப் போறதயே நிறுத்திட்டான்."

"நானே வந்து உங்க மச்சான்கிட்ட சொல்றேன்."

"நீங்க வராதீங்க" என்றாள் தாமரை. "நான் சொல்லிக்கறேன். அண்ணே, இப்ப நீங்களே ஊத்துங்க. நீங்களே ஏறுங்க. எல்லை தாண்டிப் பாப்போம். நின்னா, நாளைக்கு யாரும் வர வேணாம். நானே ஆறு மணிக்கு போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்."

மாரிக்கண்ணு குழாயைப் பிடித்தார். பெட்ரோல் இறங்கியது. டக். குழாய் நின்றது. அவருடைய இடது கை தானாக வண்டியின் பக்கவாட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது, ஆட்டுவதற்குத் தயாராக. நான் மூச்சை அடக்கினேன். ஐராவதமும் அடக்கியது போலத்தான் இருந்தது. அவர் அந்தக் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது கையால் குழாயை உருவி, மூடியைத் திருகினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"மனசே ஆறல டீச்சர். அரைகொறையா அனுப்பற மாதிரி இருக்கு" என்றபடி முன்சீட்டில் ஏறினார்.

வாஞ்சூர் வந்தது. தாண்டினோம். முதல் கிலோமீட்டர். இரண்டாவது. மூன்றாவதில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்க, மாரிக்கண்ணு கையைக் கோத்துக் கும்பிட்டுவிட்டார். நாலாவது முடியும் இடத்தில் ஆஸியா பீவியின் கடை. எங்கள் வண்டியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவர் பெஞ்சைத் துடைத்துப் போட்டு, மூன்று டம்ளர்களோடு ரோட்டுக்கே வந்து நின்றார். நாங்கள் நிற்காமல் போனோம். கண்ணாடியில் பார்த்தேன். டம்ளரைப் பிடித்தபடி வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சு போல" என்றார் மாரிக்கண்ணு.

"ஒண்ணும் இல்ல. நீங்க ஊத்தின பெட்ரோல்ல முதல் தடவையா நாங்க அவங்களத் தாண்டிப் போறோம்" என்றாள் தாமரை.

நாகூர் போயிற்று. நாகப்பட்டினம் வந்தது. தாமரை திரும்பலாமா என்று கேட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் போலாம் டீச்சர்" என்றார் மாரிக்கண்ணு.

ஊரைக் கடந்து வயல்வெளிக்கு வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் என்றார். சம்பா நாற்று பச்சைப் பசேலென்று இரண்டு பக்கமும் ஓடியது. அவர் சீட்டில் சாய்ந்து, கையை ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டு, காலை நீட்டிவிட்டார். மணி ஐந்தே முக்கால். தாமரை ஓரமாக நிறுத்தினாள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"கீர்த்தி, அப்பா பேசறேன். பையில துணி எடுத்து வச்சுக்க. மத்த புள்ளைங்க வூட்டுக்கும் நான் சொல்லிடறேன், நீ போயிச் சொல்லாத. ... ஆமா, வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் உள்ளதான் ஒக்காந்திருக்கேன். ... அழுவாத. அழுதா நாளைக்குக் கண்ணு வீங்கிப் பந்து தெரியாது."

தாமரை பட்டுக்கோட்டைக்குப் பேசியபோது ஆறுக்கு நாலு நிமிஷம். "காரைக்கால் அணி வருதுங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஹாரன் 'பாம்' என்று அடித்தது. மூன்று பேரும் குதித்தோம்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஐராவதம் ஏழு பேரோடு கிளம்பியது. எனக்கு இடமில்லை. நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய்ப் பங்கில் நின்றேன். மாரிக்கண்ணு மகளின் தலையைத் தடவிவிட்டு, ஒரு டக்கோடு நிறுத்திக்கொண்டார். வண்டி போன பிறகு இரண்டு பேரும் பங்க் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். போன் அடிக்கவில்லை. அடிக்காத போனை இவ்வளவு ஆசையாக நான் எப்போதும் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கு அடித்தது. மாரிக்கண்ணு பாய்ந்து எடுத்தார். நான் காதை ஒட்டிக்கொண்டேன்.

"அப்பா, திருத்துறைப்பூண்டி தாண்டிட்டோம்!" கீர்த்திகாவின் குரல். பின்னால் ஐந்து குரல்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. "ஆனா பின் சீட்டுல ஏசி வரவே இல்ல. நடு சீட்டு கதவு உள்ளேருந்து தொறக்க மாட்டேங்குது. மாடு வந்தா வண்டி கத்துது. தாத்தாகிட்ட சொல்லுங்க, குழுவுல எழுதணுமாம், டீச்சர் சொன்னாங்க."

எனக்கு வாய் காதுவரை போயிற்று.

மத்தியானம் மூன்று மணிக்கு அடுத்த போன். இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள், அரையிறுதியில் திருவாரூர்ப் பெண்களிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். கீர்த்திகாவின் இடது கை ஆட்டத்தைப் பார்த்த போட்டி அமைப்பாளர்கள், அடுத்த மாசம் அரியலூரில் நடக்கும் போட்டிக்கும் கட்டாயம் வர வேண்டும் என்று அங்கேயே பெயர் எழுதிக்கொண்டார்களாம்.

மாரிக்கண்ணு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அய்யா, அரியலூரு எவ்வளவு தூரம்?"

"ஒரு நூத்திப் பத்து, நூத்தி இருபது கிலோமீட்டர் இருக்கும்."

"நெசமாவா, இல்ல உங்க கணக்கா?"

"நெசமாத்தான்."

அவர் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். "போயிட்டு வர ஒரு டேங்கு தாராளம்" என்றார். அப்புறம், கொஞ்சம் யோசித்து, "கெளம்பற அன்னிக்கு நான் லீவு போட்டுடறேன். டீச்சர் வண்டியில எடமில்ல, கூட ஒரு ஆளு போற மாதிரி வேற வண்டி எதும் கெடைக்குமா பாருங்க. அவ ஆடறத நான் இன்னும் பாத்ததே இல்ல" என்றார்.